கொட்டேஷனுக்கு முன்னால் ஃபுட்டேஜைப் பாருங்கள்

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா பக்கத்துப் பிள்ளைகள் கல்யாண வீடியோ எடிட்டிங்கில் இறங்கும்போது பணத்தை இழக்கும் முதல் இடம் கம்ப்யூட்டர் கடையின் கொட்டேஷன். அவர்கள் கேட்பது எடிட்டிங் சிஸ்டம். கடை கட்டிக் கொடுப்பது கேம் விளையாடும் சிஸ்டம். இரண்டுக்கும் தேவைகள் வேறு என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

நான் அணைக்கட்டில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து எடிட் செய்கிறவள். ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் போட்டோகிராபர்கள் ஹார்ட் டிஸ்க்கைப் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள். ஆம்பூர் நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பகுதியை எடுக்கப் பெண் கேமராக்காரர் போவார். அந்தக் காட்சிகளைத் தொகுப்பதும் பெண்ணாக இருக்க வேண்டும் என்று கேட்கிற வீட்டார் உண்டு. அப்படித்தான் எனக்கு வேலை வரத் தொடங்கியது. அதற்கு முன் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் இருந்தேன்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தது. வேலையை விட்டு வந்தவர்களில் சிலர் கேமராவை எடுத்தார்கள், சிலர் எடிட்டிங்குக்கு வந்தார்கள். முதலீடு என்றால் பி.எஃப். பணம், இல்லையென்றால் அம்மாவின் நகை. அந்தப் பணம் கண்ணாடிக் கேபினெட்டுக்கும் கலர் விளக்குக்கும் போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

மலையிலிருந்து இறங்கி வந்து ஒடுகத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு தம்பி கொட்டேஷனை நீட்டினான். "அக்கா, இதுல ஏதாச்சும் குறை இருக்கா பாருங்க." அவன் கையில் இருந்தது 70,000 ரூபாய். தாளில் இருந்த தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மீதிக்குக் கடையிலேயே ஃபைனான்ஸ் போட்டுத் தருவார்களாம். ஐ7-12700கேஎஃப் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, தண்ணீரில் குளிரவைக்கும் கூலர், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த கேபினெட். ரேம் மட்டும் 8 ஜிபி. எஸ்எம்பிஎஸ் என்ற இடத்தில் "650 வாட்" என்று இருந்தது, கம்பெனி பெயரே இல்லை. மானிட்டர் இல்லை, வீட்டு டிவியை மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"உனக்கு ஃபுட்டேஜ் எந்தக் கேமராவுலேருந்து வருது?" என்றேன்.

"சோனிக்கா."

"சோனியில எது?"

அவனுக்குத் தெரியவில்லை. கடையில் அதை யாரும் கேட்கவும் இல்லை. போட்டோகிராபருக்குப் போன் போட்டுக் கேட்டதில் ஏ7 மார்க் 4 என்று தெரிந்தது. அந்த ஒரு பதிலில் அந்தக் கொட்டேஷன் முழுக்க அடிபட்டுப் போனது.

2018ல் வந்த ஏ7 மார்க் 3 கேமரா 8 பிட் 4:2:0 என்ற முறையில் வீடியோ பதிகிறது. எந்தக் கிராபிக்ஸ் கார்டும் அதைச் சுலபமாக விரித்துக் காட்டும். 2021ல் வந்த மார்க் 4, 10 பிட் 4:2:2 முறையிலும் பதியும். நிறத் தகவல் அதில் அதிகம். பட்டுப்புடவையின் சிவப்பையும் மண்டப விளக்கில் மஞ்சளடித்துப் போன முகத்தையும் பின்னால் சரிசெய்ய அது பெரிய உதவி. ஆனால் அந்தக் கோப்பைத் தடங்கலில்லாமல் விரிக்கத் தனிச் சுற்று சிப்புக்குள் இருக்க வேண்டும். என்விடியா கார்டுகளில் 2025ல் வந்த 50 வரிசைக்கு முன்னால் அது கிடையாது. இன்டெல் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய கிராபிக்ஸில், டெஸ்க்டாப்பில் 11ஆம் தலைமுறையிலிருந்து எச்.265 கோப்புக்கு அது இருக்கிறது. பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து வரும் பிராசஸர்களில் அந்தக் கிராபிக்ஸே இயங்காது. அதனால்தான் அவற்றின் விலை குறைவு. தம்பியின் தாளில் இருந்தது கேஎஃப். கார்டு 40 வரிசை. ஒரு லட்சம் கொடுத்து வாங்கிய பிறகும் தாலி கட்டும் காட்சி டைம்லைனில் விக்கி விக்கித்தான் ஓடியிருக்கும்.

ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவுக்காரர்கள் தோலை மேசையில் விரித்து, வடுவும் தளர்ச்சியும் எங்கே என்று பார்த்த பிறகுதான் டையை வைப்பார்கள். சிஸ்டம் கட்டுவதிலும் முதல் வேலை ஃபுட்டேஜை விரித்துப் பார்ப்பதுதான். எந்தக் கேமரா, எந்த அமைப்பு, எந்த மென்பொருளில் வெட்டப் போகிறோம் என்ற மூன்றும் தெரியாமல் ஒரு ஸ்குரூ கூட வாங்கக் கூடாது.

கேமரா அமைப்பிலேயே பாதிச் செலவு மிச்சமாவதும் உண்டு. அதே மார்க் 4ல் 10 பிட் 4:2:2 காட்சியை எச்.264லும் எடுக்கலாம், எச்.265லும் எடுக்கலாம். 12ஆம் தலைமுறை இன்டெல் கிராபிக்ஸ் இரண்டாவதை விரிக்கும், முதலாவதை விரிக்காது. போட்டோகிராபரிடம் பேசி முடிந்த இடத்தில் மாற்றச் சொன்னால் காசில்லாமல் வேகம் கிடைக்கும். மாற்ற மாட்டேன் என்று அவர் சொன்னால் இருக்கவே இருக்கிறது பிராக்ஸி. இரவில் படுக்கப் போகும்போது எல்லாக் காட்சிக்கும் சிறிய அளவில் நகல் எடுக்க விட்டுவிட்டு, காலையில் அந்த நகலில் வெட்டலாம். கடைசியில் எக்ஸ்போர்ட் ஆகும்போது மூலக் காட்சி தானாக வந்து உட்காரும். எடியஸ், பிரீமியர், டாவின்சி ரிசால்வ் மூன்றிலும் இந்த வசதி உண்டு. 2011ல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினியில் பிராக்ஸி வைத்து டிரெய்லர் வெட்டிப் பழகி, இன்று நன்றாகச் சம்பாதிப்பவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். பிராக்ஸி போடத் தெரியாத ஒருவருக்கு விலை உயர்ந்த கார்டை விற்பது நியாயமில்லை.

தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். எஃப் இல்லாத ஐ5-12400, கொஞ்சம் கூடுதல் காசு இருந்தால் 12500. இரண்டிலும் ஆறு கோர்தான். ஆனால் 12500ல் வீடியோவை விரிக்கும் சுற்று இரண்டு, 12400ல் ஒன்று. இரண்டு கேமரா காட்சியை அருகருகே ஓடவிட்டு வெட்டுபவர்களுக்கு அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும். மதர்போர்டு டிடிஆர்4 ரேம் போடுவதாகவும், நான்கு ரேம் இடங்கள் உள்ளதாகவும் இருக்கட்டும்.

ரேம் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கான நினைவகச் சிப்புகளில் லாபம் அதிகம் என்பதால் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். நம்மைப் போன்றவர்கள் வாங்கும் குரூஷியல் பெயரிலான வியாபாரத்தையே நிறுத்திக்கொள்வதாக மைக்ரான் 2025 டிசம்பர் 3 அன்று அறிவித்தது. கலிபோர்னியாவில் யாரோ கட்டும் சர்வர் கூடத்துக்காக ஒடுகத்தூரில் ஒருவன் 8 ஜிபியோடு நிற்கிறான். ஆனாலும் 8 ஜிபியில் 4கே வெட்ட முடியாது. 16 ஜிபி குறைந்தபட்சம், 32 இருந்தால் நிம்மதி. விளக்கு எரியும் ரேம் வேண்டாம். செகண்ட் ஹேண்ட் டிடிஆர்4 ரேம் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். தேய்கிற பாகம் அதில் எதுவும் இல்லை, மெம்டெஸ்ட்86 போட்டு ஓர் இரவு ஓடவிட்டால் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும்.

பழையதாக வாங்கவே கூடாதவை ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எம்பிஎஸ்ஸும். பழைய கிராபிக்ஸ் கார்டு ரேமுக்கும் இவற்றுக்கும் நடுவில். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும், இரவு பகலாகக் காசு தோண்ட ஓடிய கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லதும் உண்டு. கடையிலேயே முழுச்சுமையில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லி, ஃபேன் சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் காசைக் கொடுக்க வேண்டும்.

கார்டு எல்லோருக்கும் உடனே தேவையும் இல்லை. எடியஸில் சாதாரண முகூர்த்த வீடியோ வெட்டுபவருக்கு பிராசஸரும் அதற்குள் இருக்கும் கிராபிக்ஸுமே ஓடிவிடும். ரிசால்வில் நிறம் திருத்துபவர், இரைச்சல் நீக்குபவருக்குத்தான் கார்டு சோறு போடும். அவர்கள் பார்க்க வேண்டியது கார்டின் நினைவகத்தை. 12 ஜிபி உள்ள பழைய ஆர்டிஎக்ஸ் 3060, 8 ஜிபி உள்ள புதிய கார்டு நின்றுவிடும் 4கே வேலையை முடித்துத் தரும். ரிசால்வின் இலவசப் பதிப்பில் எச்.265 வேகம் முழுதாகக் கிடைக்காது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கட்டணப் பதிப்பு 295 டாலர், ஒரே முறை. பலருக்குக் கார்டை விட அந்த 295 டாலர் நல்ல செலவு.

வேலூர் மாவட்டத்து வெயிலைப் பற்றிச் சென்னையில் இருந்து யூடியூபில் பேசுபவர்களுக்குத் தெரியாது. சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், கான்கிரீட் தளத்துக்குக் கீழே, முன்பக்கம் கண்ணாடி அடைத்த கேபினெட் மூச்சு முட்டும். முன்பக்கம் வலை வைத்த, பார்க்கச் சுமாரான கேபினெட்டும் சாதாரண ஏர் கூலரும் போதும். இந்த ஐ5க்குத் தண்ணீர்க் கூலர் வீண்.

எஸ்எம்பிஎஸ் பெயர் தெரிந்த கம்பெனியுடையதாக, 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையுடன் 550 வாட் இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் மோட்டார் ஓடும் நேரத்தில் கரண்ட் ஏறி இறங்கும். எஸ்எம்பிஎஸ் வெடித்தால் தனியாகப் போகாது, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். யுபிஎஸ் 600 விஏ என்றால் நிஜத்தில் 360 வாட் அளவுதான் தாங்கும். கார்டு போட்ட சிஸ்டத்துக்கு 1000 விஏ வாங்குங்கள்.

இனி சேமிப்பு. 4கேயில் விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. வரவேற்பும் முகூர்த்தமும் சேர்த்து இரண்டு கேமரா எட்டு மணி நேரம் ஓடினால் 720 ஜிபி. ஒரே கல்யாணத்தில் 1 டிபி டிஸ்க் ஏறக்குறைய நிரம்பிவிடும். வேகம் இங்கே பிரச்சினையே இல்லை. அந்தக் காட்சி விநாடிக்குக் கேட்பது 12.5 மெகாபைட், நான்கு கேமரா ஒன்றாக ஓடினாலும் 50. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 தரும். ஆகவே அதிவேக என்விஎம்இக்குக் கொடுக்கும் கூடுதல் காசை எடுத்து இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று வேலைக்கு, ஒன்று நகலுக்கு. சிஸ்டம் கெட்டால் மறுபடி வாங்கலாம், ஒருவர் வீட்டுக் கல்யாணத்தை மறுபடி நடத்த முடியாது. பெண்கள் பகுதிக் காட்சிகளை நான் இணையத்தில் ஏற்றுவதே இல்லை. நகல் டிஸ்க் பீரோவுக்குள் பூட்டியிருக்கும். டெலிவரி முடிந்து வீட்டார் சரி என்றதும் அவர்கள் கண்ணெதிரே அழிப்பேன். நம்பி அனுப்புகிற அந்தப் பெண்களுக்கு நான் பட்ட கடன் அது.

மானிட்டரை டிவியால் ஈடுகட்ட முடியாது. டிவி தன் இஷ்டத்துக்கு நிறத்தைக் கூட்டிக் காட்டும். ஐபிஎஸ் வகை, எஸ்ஆர்ஜிபி நிறப்பரப்பை ஏறக்குறைய நூறு சதவீதம் காட்டக்கூடிய 24 அங்குல மானிட்டர் போதும்.

இவ்வளவு தலைவலி எதற்கு, மேக் மினி வாங்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்விதான். 2024 நவம்பரில் எம்4 மேக் மினி 16 ஜிபி நினைவகத்துடன் 59,900 ரூபாய்க்கு இங்கே வந்தது. 4:2:2 காட்சியை அலட்டாமல் விரிக்கிறது, கரண்டும் குறைவாகக் குடிக்கிறது. ரிசால்வ் மட்டும் பயன்படுத்துபவருக்கு அதையே நான் சொல்வேன். ஆனால் எடியஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும், எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்களில் பாதி வேலை எடியஸில் வருகிறது. பின்னால் அதில் ரேம் கூட்டவும் முடியாது.

சென்னை ரிச்சி தெருவுக்கும் பெங்களூர் எஸ்பி ரோட்டுக்கும் போய் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மிச்சமாகும் காசு, காட்பாடியில் ரயில் ஏறிப் போய்வரும் செலவையும் போன ஒரு நாள் கூலியையும் தாண்டுமா என்று பாருங்கள். எங்கே வாங்கினாலும் பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மாடலும் சீரியல் எண்ணும் வேண்டும். பாக்ஸில் வரும் பிராசஸருக்கு மூன்று வருடக் கம்பெனி வாரண்டி உண்டு. பாக்ஸ் இல்லாத ட்ரே பிராசஸருக்குக் கடைக்காரர் வாய்வார்த்தைதான் வாரண்டி.

மாவட்டத் தொழில் மையம் வழியாக வேலையில்லா இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 25 சதவீத மானியத்தோடு கடன் கிடைக்கிறது. தினத்தவணை ஃபைனான்ஸை விட எவ்வளவோ மேல், எங்கள் பிள்ளைகள் அங்கே போக வேண்டும். ஆனால் கடனுக்குக் கொடுக்கும் கொட்டேஷனில் "எடிட்டிங் கம்ப்யூட்டர் ஒரு செட்" என்று ஒரே வரியில் தொகையைப் போட்டுக் கொடுக்கும் கடைகள் உண்டு. பாகம் பாகமாக மாடல் பெயரும் விலையும் இல்லாத கொட்டேஷனை வங்கியும் தொழில் மையமும் திருப்பி அனுப்ப வேண்டும். அரசு ஐடிஐக்களில் ஹார்டுவேர் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் அந்தத் தாளைப் பத்து நிமிடம் பார்த்துக் கையெழுத்திட்டால், மானியப் பணமும் பி.எஃப். பணமும் கலர் விளக்குக்குப் போகாமல் தடுக்கலாம். இதற்குப் புதிய திட்டம் எதுவும் வேண்டாம், விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.