பலகையில் இடம் பிடிக்காத ஆசான்



அண்ணன் மகளை நடன வகுப்பில் சேர்க்க, போன மாதம் எங்கள் பகுதியில் உள்ள ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். வாசலில் ஆசிரியர்களை அறிமுகப்படுத்தும் பலகை. பரதநாட்டிய ஆசிரியைக்கு எட்டு வரி: எந்த வயதில் சலங்கை கட்டினார், எந்தக் குருவிடம் கற்றார், எந்தெந்த நாடுகளில் ஆடினார். மேற்கத்திய நடன ஆசிரியருக்கு ஐந்து வரி. கடைசியில் பறையாட்ட ஆசான். பெயர் மட்டும். பக்கத்தில் 'ஃபோக், சனி ஞாயிறு'.

அவரிடம் பேசினேன். தாத்தாவும் அப்பாவும் ஊர்ச் சாவுக்கு அடித்தவர்கள். கூலி பேச முடியாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருநாள் அப்பா "இனி அடிக்க மாட்டேன்" என்று நிறுத்திவிட்டார். பல வருடம் கழித்து, கல்லூரியில் ஒரு கலைக்குழுவின் பயிற்சியில் மகன் குச்சியைப் பிடித்தார். அப்பா மூன்று மாதம் அவரோடு பேசவில்லை.

"பலகைக்கு இதையெல்லாம் கேட்டாங்களா?" என்றேன்.

"யாரும் கேக்கல தோழர்."

'சிறு வயதிலிருந்தே நடனத்தின் மீது ஆர்வம்' என்று எழுதுவது எளிது. ஆனால் ஆர்வம் கொள்ளும் உரிமையே சிலருக்கு இருந்ததில்லை. சாதி கட்டளையிட்டு அடிக்கவைத்தபோது பறை அடிமைத் தொழில். அதனால்தான் எத்தனையோ சேரிகளில் நம் மக்கள் சாவுக்கு அடிக்க மறுத்தார்கள், அதற்காக அடியும் வாங்கினார்கள். அப்பா கீழே வைத்ததும் சுயமரியாதை, மகன் விரும்பிக் கையில் எடுத்ததும் சுயமரியாதை.

அந்த எட்டு வரியிலும் விடுபட்டது உண்டு. பரதநாட்டியம் முன்பு சதிர். தேவதாசிப் பெண்கள் ஆடினார்கள், இசை வேளாளர் நட்டுவனார்கள் கற்பித்தார்கள். 1936-ல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்தான் கற்றார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947-ல் சட்டம் தடை செய்தது. அந்த மரபில் வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரே அதற்காகப் போராடியவர். போராட்டம் நியாயமானது. ஆனால் அந்தப் பெண்கள் மேடையிலிருந்து இறங்கிய அதே காலத்தில், அவர்களுடைய ஆட்டம் மேல்சாதி வீடுகளுக்குப் போய் 'தெய்வீகக் கலை' ஆனது. ஒருத்தி ஆடினால் இழிவு, இன்னொருத்தி ஆடினால் பண்பாடு. ஆட்டம் ஒன்றுதான், ஆடும் உடல்தான் வேறு.

"கலையில் ஏன் சாதியைக் கொண்டுவருகிறீர்கள்?" என்று கேட்பார்கள். நாமா கொண்டுவந்தோம்? பலகையில் வரிகளை எண்ணிப் பாருங்கள். "வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே" என்றும் சொல்வார்கள். மகிழ்ச்சிதான். அந்த விருதால் உங்கள் தெரு ஸ்டூடியோவில் ஆசானின் சம்பளம் ஒரு ரூபாயாவது கூடியதா? பரதத்துக்கு மாதச் சம்பளம், பறைக்கு வகுப்புக்கு இவ்வளவு என்று கையில் கொடுப்பது எந்த நியாயம்?

பலகையில் சாதியை எழுதச் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாததும் அவருடைய உரிமை. யாரிடம் கற்றார், எத்தனை அடி தெரியும், எத்தனை பேரை உருவாக்கினார் என்று மற்றவர்களிடம் கேட்டதை அவரிடமும் கேளுங்கள் என்கிறேன்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் கல்லூரி விழாவில் சிறப்பு விருந்தினரை வாசலிலிருந்து அழைத்துவரப் பறை இருக்கும். அரங்கத்துக்குள் குத்துவிளக்கு ஏற்றும்போது அந்தக் கலைஞர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். மேடையில் ஏற்றச் சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் அவர்கள் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். மற்றக் கலைஞர்களுக்குக் கொடுக்கும் ஊதியத்தை இவர்களுக்கும் கேளுங்கள்.

அண்ணன் மகள் சனி ஞாயிறு வகுப்பில் சேர்ந்துவிட்டாள். பலகை இன்னும் மாறவில்லை. ஒவ்வொரு வாரமும் அவளை விடப் போகும்போது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.