பற்றவைக்கும் மேசைக்கு முதலில் விதி எழுதுங்கள்

தமிழ்நாடு அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறைச் செயலாளர் அவர்களுக்கு,



கோவை குறிச்சியில் ₹126 கோடியில் தங்கநகைத் தொழிற்பூங்கா அமையும் என்று 2024 நவம்பரில் முதல்வர் அறிவித்தார். சின்னஞ்சிறு அறையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, சுடரை ஊதி நகை பற்றவைக்கிறவர்களுக்கு அரசு இடம் தருகிறது. பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் மனமார நன்றி சொல்கிறேன். கூடவே ஒரு கோரிக்கை: பற்றவைப்புக்கான பாதுகாப்பு விதிகளைக் கட்டட வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு சுவரில் மாட்டும் பலகையால் பயன் இருக்காது.

காரணம் சேதாரம், அதாவது வேலையில் இழக்கும் தங்கம். பட்டறைகளில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி வைப்பது அறியாமையால் அல்ல. காற்றடித்தால் சுடர் ஆடும், அரத்தூள் பறக்கும். பறந்த தூளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் ஆசாரிதான். 'நல்ல காற்றோட்டம் வேண்டும்' என்று மட்டும் விதி எழுதினால், முதல் நாளே ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். ஒவ்வொரு மேசையிலும் சுடருக்குப் பின்னால், முகத்துக்குக் கீழே, புகையை மெல்ல இழுக்கும் குழாய் வேண்டும். அதில் வடிகட்டி வேண்டும். வடிகட்டியில் சேரும் தூள் அந்த மேசைக்காரருக்கே சொந்தம் என்று எழுத்தில் உறுதி தாருங்கள். அப்போது குழாயை ஒருவரும் அடைக்க மாட்டார்கள்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்துவது காட்மியத்துக்காக. ஒரு காலத்தில் 'கேடிஎம்' என்று பெருமையாகச் சொல்லி விற்ற நகையின் இணைப்புகளில் இருப்பது அதுதான். 767 டிகிரி செல்சியஸில் அது கொதித்து ஆவியாகிறது. ஊதும் சுடரின் சூடு அதைவிட மிக அதிகம். சுவாசித்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல். சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாள் மீண்டும் ஊத உட்காருவார். சிறுநீரகத்தில் சேரும் காட்மியம் பல ஆண்டுகள் தங்கி அதைக் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

பற்றவைக்கப் பயன்படும் காட்மியப் பொடியை ஹால்மார்க் விதி ஏற்பதில்லை, உண்மைதான். ஆனால் பாட்டி காலத்துச் சங்கிலி பழுதுக்கு வந்தால்? பழைய இணைப்பில் சுடர் பட்டதும் உள்ளே இருக்கும் காட்மியம் வெளியே வரும். எனவே காட்மியப் பொடி வளாகத்துக்குள் நுழையக்கூடாது என்பதோடு, பழைய நகை எதையும் புகைக்குழாய் ஓடும் மேசையில் மட்டுமே சூடாக்க வேண்டும் என்றும் விதி வேண்டும்.

சொந்தப் பட்டறையில் எந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தொழிற்பூங்காவின் பொதுப் பட்டறையில் பக்கத்து மேசைக்காரருக்கு அது தெரியாது. நகை வேலையில் புழங்கும் சயனைடும் அமிலமும் கலந்தால் உயிரைப் பறிக்கும் வாயு உண்டாகும். இரண்டுக்கும் தனித்தனி அறை, தனித்தனிப் பூட்டு வேண்டும். ஒவ்வொரு குப்பியிலும் தமிழில் பெயர் எழுதியிருக்க வேண்டும். சிலிண்டரில் வரும் எல்பிஜி எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே சிலிண்டர்கள் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். பற்றவைக்கும் இடத்தை அடித்தளத்தில் வைக்காதீர்கள். எங்காவது கனல் புகைகிறதா என்று கவனிக்க, வேலை முடிவதற்கு அரை மணி முன்பே சுடரை அணைத்துவிட வேண்டும். கல்நார்த் தகட்டின் மேல் வைத்து ஊதும் பழக்கமும் ஒழியட்டும்.

விதியை மீறுபவரின் எரிவாயுவை அந்த நிமிடமே நிறுத்தும் அதிகாரம் வளாகத்தில் ஒருவருக்கு இருக்க வேண்டும். அவர் அனுபவமுள்ள ஆசாரியாக இருந்தால் சொல் எடுபடும். ஒப்பந்தப்புள்ளியில் புகைக்குழாய்க்குத் தனித் தொகை ஒதுக்குங்கள். வரைபடத்தை இறுதி செய்யும் முன் கோவையில் நகைப் பட்டறைகள் உள்ள கெம்பட்டி காலனியிலும் செல்வபுரத்திலும் ஊதுகிறவர்களை அழைத்து ஒரு நாள் கேளுங்கள்.

இங்ஙனம்,
கோவைப் பொற்கொல்லர் குடும்பத்தவன்