மாமி சொன்ன காரணம்

சென்ற மாதம் நான் போன ஒரு வீட்டில் எட்டு வயதுப் பையன் மிகவும் மெலிந்து போயிருந்தான். வகுப்பில் ஓரிடத்தில் இருக்க மாட்டான், எடுத்த வேலையை முடிக்க மாட்டான் என்று ஆசிரியை முறைப்பாடு சொல்ல, வைத்தியரிடம் காட்டியிருக்கிறார்கள். கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. என்று கூறிக் குளிசை கொடுக்கப்பட்டிருக்கிறது.

"குளிசையை விட்டிட்டன் மிஸ். சீனி, பால், முட்டை, கோதுமை மா எல்லாத்தையும் நிப்பாட்டிப் போட்டன். சாப்பாட்டாலதான் இது வந்தது எண்டு மாமி சொல்லுறா" என்றார் தாய்.

மாமி சொன்னதன் பொருள் வாசகியருக்குப் புரியும். 'நீ கொடுத்த சாப்பாட்டால்' என்பதுதான் அது. (தகப்பன் வாங்கி வரும் சோடாப் போத்தலைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை.) உண்மையில் இந்த நிலை பெரும்பாலும் பரம்பரை வழியாக வருவது. தாயின் சமையலால் வருவதல்ல.

சீனியையே எடுத்துக்கொள்வோம். 1994இல் அமெரிக்காவில் 5 முதல் 7 வயது வரையான 35 ஆண்பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சீனி கொடுத்தால் பிள்ளை குழப்படி செய்வான் என்று நம்பிய தாய்மாரின் பிள்ளைகள் இவர்கள். எல்லோருக்கும் கொடுத்தது சீனியே இல்லாத இனிப்புப் பானம். ஆனால் ஒரு பகுதித் தாய்மாரிடம், "நிறையச் சீனி கொடுத்திருக்கிறோம்" என்று சொல்லி வைத்தார்கள். அந்தத் தாய்மாரே தமது பிள்ளை கூடுதலாகத் துடிப்பதாகக் கூறினார்கள். பிள்ளையை அதிகம் குறைசொன்னவர்களும் அவர்கள்தான். பல்லுக்காகவும் உடல்நிறைக்காகவும் சீனியைக் குறைப்பது நல்லது. துடிப்பு அதனால் அடங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

செயற்கை நிறங்களின் கதை வேறு. 2007இல் இங்கிலாந்தின் சௌதம்ப்டன் பல்கலைக்கழகத்தினர் மூன்று வயதினரையும் எட்டு, ஒன்பது வயதினரையும் ஆராய்ந்து, சில நிறக் கலவைகள் சாதாரண பிள்ளைகளிடமும் துடிப்பைச் சிறிதளவு கூட்டக் கூடும் எனக் கண்டார்கள். 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அவ்வகை ஆறு நிறங்கள் சேர்ந்த உணவின் உறையில் எச்சரிக்கை அச்சிட வேண்டும். ரொபி, பானம் வாங்கும்போது உறையில் 102, 110, 122, 124 ஆகிய இலக்கங்கள் உண்டா எனப் பாருங்கள். இவற்றை விடுவதால் பிள்ளைக்கு எந்தப் போசாக்கும் குறையாது.

பாலையும் முட்டையையும் விட்டால் குறையும். 2011இல் நெதர்லாந்தில் 100 பிள்ளைகளுடன் நடந்த ஆய்வில், ஐந்து வாரம் மிகச் சில உணவுகளை மட்டும் கொடுத்தபோது பலரிடம் முன்னேற்றம் தெரிந்தது உண்மைதான். அது நிபுணர்களின் கண்காணிப்பில் நடந்தது. வீட்டில் நாமாகச் செய்து பார்க்கும் காரியம் அல்ல.

மீனெண்ணெய்க் குளிசைகளின் பலன் சொற்பம். அந்தக் காசுக்குச் சாளை, நெத்தலி வாங்கினால் வீடே சாப்பிடலாம். இரும்புச்சத்துக் குறைவும் கவனத்தைப் பாதிக்கக் கூடும். ஆனால் இரத்தப் பரிசோதனை இன்றி இரும்பு மருந்து கொடுக்கக் கூடாது. சோறு சாப்பிட்ட கையோடு தேநீர் கொடுக்கும் பழக்கத்தை மட்டும் இன்றே விடலாம். உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதை அது தடுக்கிறது.

ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் குளிசைகள் பலவும் பசியைக் குறைக்கும். இதைக் கண்டுதான் அந்தத் தாய் பயந்திருக்கிறார். காலைச் சாப்பாட்டைக் கொடுத்த பின் குளிசை, மருந்தின் வேகம் தணியும் மாலையில் வயிறு நிறைய இன்னொரு சாப்பாடு என்று மாற்றிப் பார்க்கலாம். அப்படியும் நிறை குறைந்தால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அளவை மாற்றவோ வேறு மருந்து தரவோ அவரால் முடியும்.

அவர்களிடம் ஒரு கொப்பி கொடுத்திருக்கிறேன். பையன் என்ன சாப்பிட்டான், பிறகு எப்படி இருந்தான், எத்தனை மணிக்கு உறங்கினான் என்று எழுதி அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுவர வேண்டும். முட்டையும் பாலும் அன்றே திரும்பத் தொடங்கின. கொப்பி எழுதும் பொறுப்பு தகப்பனுடையது.