நலம் பேணுவோம்: கைகளே மருந்தாகுமா?



"முதுகு பிடித்துக்கொண்டது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை, தோளைத் தூக்க இயலவில்லை" என்ற முறையீடு கேட்காத இல்லம் இன்று அரிது. உடனே யாரையேனும் அழைத்து நீவச் சொல்வதும், சுளுக்கு எடுக்கச் சொல்வதும் நம் வழக்கம். கைகளால் செய்யப்படும் சிகிச்சை எதுவரை பயன் தரும்? எந்த இடத்தில் அது ஆபத்தாகும்? இதனைத் தெரிந்துகொள்ள, கைச்சிகிச்சையை ஒரு கல்வியாகவே வளர்த்த ஆஸ்டியோபதி என்னும் மருத்துவ முறையை இம்மாதம் காண்போம்.

இதன் தந்தை ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1828-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்த இவரும் ஒரு மருத்துவரே. 1864-இல் மூளையுறை அழற்சி நோய் இவருடைய இல்லத்தில் மூன்று குழந்தைகளைப் பறித்துக்கொண்டது. அன்று மருத்துவர்களின் கையில் இருந்தவை யாவை? பாதரசக் கலவை, அபின், சாராயம், இரத்தத்தை வடித்தெடுத்தல்! நோயைவிட மருந்து கொடியதாயிருந்த காலம் அது. மருந்தின்மீது நம்பிக்கை இழந்த ஸ்டில், எலும்புகளையும் தசைகளையும் நுணுகி ஆராய்ந்து, 1874-இல் தமது புதிய முறையை அறிவித்தார். 1892-இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் அவர் தொடங்கிய கல்லூரியின் முதல் வகுப்பிலேயே பெண்களுக்கும் இடமளிக்கப்பட்டது.

ஆஸ்டியோபதியின் அடிப்படைக் கொள்கைகள் எளியவை. உடல் என்பது தனித்தனி உறுப்புகளின் கூட்டமன்று. அது முழுமையான ஒன்று. தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. உறுப்பின் அமைப்பும் அதன் இயக்கமும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஆகவே, இடுப்பு வலி என்று வருபவரின் இடுப்பை மட்டும் பார்த்தால் போதாது. அவர் நிற்கும் விதம், நடக்கும் விதம், முழங்காலின் அசைவு, அன்றாட வேலை ஆகிய அனைத்தையும் மருத்துவர் கவனிக்கிறார். பின்னரே கை வைக்கிறார்.

சிகிச்சை முறைகள் பல. இறுகிய தசைகளை மெதுவாக அழுத்தியும் நீட்டியும் தளர்த்துவது ஒன்று. மற்றொன்றில் நோயாளியே பங்கு கொள்கிறார். மருத்துவரின் கைக்கு எதிராகச் சில விநாடிகள் மெல்லத் தள்ளித் தளர்கிறார். அவ்வாறு தளர்ந்தவுடன் மூட்டு முன்னைவிடச் சற்று அதிகமாக அசைய இடம் கொடுக்கிறது. இதனைச் சில முறை திரும்பச் செய்வர். லாரன்ஸ் ஜோன்ஸ் என்பவர் கண்ட முறையோ இன்னும் மென்மையானது. வலி குறையும் நிலையில் உறுப்பைத் தாங்கி, ஏறத்தாழ 90 விநாடிகள் அப்படியே வைத்திருந்து, பின் மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவர்.

விரைவாக ஒரு திருப்புத் திருப்பும் முறையும் உண்டு. அப்போது 'டக்' என்று எழும் ஒலியைக் கேட்டு, விலகிய எலும்பு இடத்தில் பொருந்திவிட்டதாகப் பலரும் மகிழ்கின்றனர். அது தவறான எண்ணம். மூட்டுக்குள் உள்ள திரவத்தில் வாயுக் குமிழ் உருவாவதோடு தொடர்புடைய ஓசை அது. ஓசை வந்தால்தான் குணம் என்பதில்லை.

இதன் பயன் எவ்வளவு? இடுப்பு வலியில் ஓரளவு நிவாரணம் கிடைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும், 2016-இல் இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டுக் குழு, உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே கைச்சிகிச்சையை மேற்கொள்ளலாம் என்று கூறியது. நடமாட்டமே முதல் மருந்து. கை அதற்குத் துணை. நாட்கணக்கில் படுத்தே கிடப்பது நன்மை தராது. ஆஸ்துமா போன்ற உள்நோய்களையும் தொட்டே குணப்படுத்துவோம் என்று எவரேனும் கூறினால் நம்பிவிடாதீர்கள்; அதற்குத் தக்க சான்று இல்லை.

பட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஆஸ்டியோபதி பயின்றவர்கள் மருந்து எழுதவும் அறுவைச் சிகிச்சை செய்யவும் உரிமை பெற்ற முழு மருத்துவர்கள். இங்கிலாந்திலோ 1993-இன் சட்டப்படி பதிவு பெற்று, கைச்சிகிச்சையை மட்டுமே செய்பவர்கள். பெயர் ஒன்று, தகுதி வேறு.

இனி, மிக முக்கியமானவை. இடுப்பு வலியோடு கால் மரத்துப் பலமிழத்தல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமை அல்லது சிறுநீர் வெளியேறாமை, தொடைகளின் இடைப்பகுதி உணர்விழத்தல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். தண்டுவட நரம்புகள் நசுங்குவதன் அறிகுறிகளாக அவை இருக்கலாம். காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, இரவிலும் ஓயாத வலி, முன்பு புற்றுநோய் கண்ட வரலாறு, கீழே விழுந்த அடி ஆகியவை இருந்தாலும் நீவவோ திருப்பவோ இடங்கொடாதீர்கள். எலும்பு வலுவிழந்த முதியவர்களின் முதுகை முரட்டுத்தனமாகத் திருகினால் எலும்பு முறியக்கூடும். கழுத்தை வேகமாகத் திருப்புவதால் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்வது அரிது. ஆனால் நேர்ந்தால் மீளாத் துயர்.

சகோதரிகளே! எங்கே, எதற்காகத் தொடப்போகிறார் என்பதை முன்கூட்டியே கேட்டறிவதும், பெண் சிகிச்சையாளரைக் கேட்பதும், குடும்பத்தார் ஒருவரை உடன் வைத்துக்கொள்வதும் உங்கள் உரிமை. நல்ல சிகிச்சையாளர் இவற்றுக்கு முகம் சுளிக்கமாட்டார். தம் கைக்கு அப்பாற்பட்ட நோயைக் கண்டதும் உரிய மருத்துவரிடம் அனுப்பிவைப்பவரே நம்பத்தக்கவர். அத்தகையவரிடம் மட்டுமே உங்கள் பெற்றோரின் முதுகை ஒப்படையுங்கள்.