சுற்றுலா நாளில் நம் பெண்கள் எங்கே தொழுவார்கள்?

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஊர்களிலிருந்து சென்னையைச் சுற்றிப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகின்றனர். இப்படிச் சுற்றுவதை வீண் பொழுதுபோக்கு என்று கருதும் பெரியவர்கள் நம்மிடையே இன்றும் உளர். அக்கருத்து நமக்கு ஏற்புடையதன்று. பூமியில் பயணம் செய்து, அல்லாஹ் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்பதைப் பார்க்குமாறு அன்கபூத் அத்தியாயத்தின் 20ஆம் வசனம் ஏவுகிறது. அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியபோது, நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை மறைத்து நின்று, அன்னையார் தாமாகவே சலித்து விலகும் வரை வேடிக்கை பார்க்கச் செய்தார்கள் என்ற செய்தி புகாரியில் உள்ளது. மனைவி கடைவீதியில் இரண்டு நிமிடம் நின்றாலே முகம் சுளிக்கும் கணவன்மார் இந்த ஹதீஸைச் சற்று நிதானமாக வாசிக்கலாம்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. அங்குள்ள திமிங்கல எலும்புக்கூட்டின் முன் நிற்கும் பிள்ளைக்கு, யூனுஸ் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் வகுப்பறையில் விளக்குவதைவிட எளிதாக விளக்கிவிடலாம். சிலைகள் இருக்குமே என்று தயங்குவோர் உண்டு. காண்பது வேறு, வணங்குவது வேறு. நாம் வாழும் மண்ணின் வரலாற்றை அறியாமல் பிள்ளைகள் வளர்வது நன்றன்று. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும்: இந்த அருங்காட்சியகத்துக்கும் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆவையும் இதையும் ஒரே நாளில் வைத்துத் திட்டமிட்டு வருவோர் பூட்டிய கதவைத்தான் காண்பர்.

திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலைத் தொழுகைக்கான இடமாக மட்டும் கருதிக் கடந்துவிடலாகாது. ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795இல் எழுப்பிய கருங்கல் பள்ளி அது. அதன் ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டு வரிகளை இயற்றியவர் ராஜா மக்கன் லால் எனும் இந்துப் புலவர். பள்ளியின் வளாகத்திலேயே லக்னோ ஃபிரங்கி மஹல் பரம்பரையின் பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலி (ரஹ்) அவர்கள் அடங்கியுள்ளார்கள். உஸூலுல் ஃபிக்ஹில் ‘முஸல்லமுஸ் ஸுபூத்’ நூலுக்கு அவர்கள் எழுதிய விரிவுரையை மதரஸாக்களில் அறியாதார் இலர். அத்தகைய அறிஞர் நம் சென்னையில் உறங்குகிறார் என்பதை நம் மாணவர்களிலேயே பலர் அறியார்.

நாம் எழுத வந்தது இனிமேல்தான். காலையில் அருங்காட்சியகம், நண்பகலில் பிரியாணி, மாலையில் மெரினா என்று நாள் நகர்கிறது. லுஹர் பாங்கு ஒலித்ததும் ஆண்கள் அருகிலுள்ள பள்ளிக்குள் சென்று, உளூச் செய்து, தொழுது, பத்து நிமிடம் விசிறியடியில் இளைப்பாறியும் வருகின்றனர். பெண்களோ பைகளையும் செருப்புகளையும் காத்தபடி வாசலில் நிற்கின்றனர். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மஃரிபின் நேரமோ குறுகியது. கடற்கரை மணலில் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண் எங்கே உளூச் செய்வாள்? “விடுதிக்குப் போய்க் களாச் செய்துகொள்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கடமையான தொழுகையை, நாமே வகுத்த பயணத்திட்டத்திற்காகக் களாவாக்க நமக்கு யார் அனுமதி தந்தது?

ஜம்உ செய்துகொள்ளலாமே என்பர். காயல்பட்டினத்திலிருந்து வரும் ஷாஃபிஈ குடும்பத்துக்கு அது பொருந்தும். லுஹரையும் அஸரையும் ஒன்றாகவும், மஃரிபையும் இஷாவையும் ஒன்றாகவும் அவர்கள் தொழலாம். வாணியம்பாடியிலிருந்து வரும் ஹனஃபி குடும்பத்துக்குக் கஸ்ர் உண்டு. ஆனால் ஹஜ்ஜில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் அன்றி ஜம்உ இல்லை. தாம்பரத்திலிருந்து காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பும் குடும்பம் எந்த மத்ஹபின்படியும் பயணி அன்று. ஜம்உ செய்வோருக்கும் தண்ணீரும் மறைவான இடமும் வேண்டும் என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

அல்லாஹ்வின் அடியாள்களைப் பள்ளிவாசல்களிலிருந்து தடுக்காதீர்கள் என்ற கருத்துடைய நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. பெண்களுக்கு வீட்டில் தொழுவதே சிறந்தது என்பதையும் நாம் மறுக்கவில்லை. மதரஸாவில் அதைத்தான் கற்பிக்கிறோம். வீட்டை விட்டு முந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் தள்ளி நிற்பவளிடம் அந்தச் சிறப்பைச் சொல்லி என்ன பயன்? பெண்களுக்கு இடமுள்ள பள்ளிகள் நகரில் இருக்கின்றன. எது, எந்தத் தெரு, எந்த வாசல் என்பது வெளியூராருக்குத் தெரிவதில்லை. வாசலில் ஒரு பலகைகூட இருப்பதில்லை.

குடும்பத் தலைவர்களுக்கும் பொறுப்புண்டு. எந்த உணவகத்தில் என்ன சுவை என்று ஒரு வாரம் முன்பே விசாரித்து வைக்கிறோம். அண்ணா சாலை புஹாரியா, திருவல்லிக்கேணிச் சந்துக் கடையா என்று வேனுக்குள் வாக்குவாதமே நடக்கிறது. கத்தரிக்காய்க் கூட்டோடு வரும் பிரியாணியில் நமக்கும் விருப்பம் உண்டு, குறை சொல்லவில்லை. தொழும் இடத்தையும் அதே அக்கறையுடன் விசாரித்து, சாப்பிடும் இடத்தை அதற்கு அருகில் தேர்ந்தால் போதும். தொழுகைக்குப் பின் உண்ண அமர்ந்தால் பரபரப்பின்றி உண்ணலாம், தட்டிலும் மிச்சம் குறையும்.

சென்னையில் சுற்றுலா இடங்களுக்கு அருகிலுள்ள பள்ளிவாசல்களின் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது புதுக் கட்டடம் அன்று. பெரும்பாலான பள்ளிகளில் பாய்களும் பழைய மின்விசிறிகளும் அடுக்கிவைத்த ஓர் அறை இருக்கும். அதை ஒழித்துத் தனி வாசல், ஒரு திரை, தாழ்ப்பாள் உள்ள உளூக் குழாய், கிப்லாவைக் காட்டும் ஓர் அம்புக்குறி ஆகியவற்றை அமைத்துத் தரவேண்டும். பூட்டி வைப்பதானால், சாவி யாரிடம் உள்ளது என்பதைக் கதவிலேயே எழுதி ஒட்டவேண்டும். வரும் ரமளானுக்கு வெள்ளையடிக்கும்போது இந்த வேலையையும் இன்ஷா அல்லாஹ் சேர்த்தே முடித்துவிடலாம்.