விமானப் போர் விளையாட்டில் இணை சேர்த்தல்

எம்மூர் இளைஞர் பலர் மாலை வேளைகளில் கணினியின்முன் அமர்ந்து, இணைய வழியே ஆகாயப் போர் புரிவதை நாம் அறிவோம். அவர்களை வைதல் எம் நோக்கமன்று. விளையாட்டே வேண்டாமென்பாரோடு எமக்கு உடன்பாடுமில்லை. ஆயினும், இன்ன விமானத்தோடு இன்ன விமானம் பொருதல் வேண்டுமென அவர்கள் தெரிந்தெடுக்கும் முறையைக் குறித்துச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருபுறம் 1944-ல் சேவைக்கு வந்த ஸ்பிட்பயர். மறுபுறம் 1940-ல் போர்க்களம் புகுந்த ஜீரோ. கீழே தெரிவதோ ஏதோவோர் ஐரோப்பியக் கடற்கரை! பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில், கைக்கு வந்த சாவியை எதிர்ப்பட்ட பூட்டில் திணித்துப் பார்ப்பாருண்டோ?

வார் தண்டர் போன்ற விளையாட்டுகளில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் எண் வகுத்து, எண் நெருங்கியவற்றை எதிரெதிரே நிறுத்துகிறார்கள். விளையாடுவோர் அவ்விமானத்தைக்கொண்டு எவ்வளவு சாதிக்கிறார்கள் என்பதைப் பார்த்தே பெரும்பாலும் அவ்வெண் அமைகிறது. இதனால் ஆட்டம் சமமாகலாம். ஆனால் சரித்திரம் காணாமற்போகிறது.

நமக்கு அண்மையில் நிகழ்ந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1942-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் ஐந்திலிருந்து எழுந்த ஏறத்தாழ 125 விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தாக்கின. அவற்றுள் 36 ஜீரோக்கள். எதிர்த்தவை பெரும்பாலும் ஹரிக்கேன்கள். இரத்மலானையில் இருந்த படைக்கு எச்சரிக்கை எட்டவில்லை. பகைவர் தலைக்குமேல் வந்த பின்னரே விமானிகள் ஓடிச்சென்று ஏறினார்கள். கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து 14 ஹரிக்கேன்கள் எழுந்தன. அவற்றுள் 9 அழிந்தன. மாண்ட விமானிகள் நம் மாணவரினும் அதிக வயது சென்றவரல்லர்.

ஹரிக்கேன் மட்டமான விமானமாதலின் தோற்றது என்று இன்றும் சொல்லுவோர் உண்டு. நேர்வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை கிடையாது. ஜீரோ இலேசானது, வெகு குறுகத் திரும்பும். ஆனால் விமானியைக் காக்கும் கவசத் தகடோ, குண்டு பட்டால் தானே அடைபடும் எண்ணெய்த் தொட்டியோ அதற்கில்லை. அதன் பீரங்கி ஒவ்வொன்றுக்கும் 60 குண்டுகளே. ஹரிக்கேன் உயரத்திலிருந்து பாய்ந்து, சுட்டு, நில்லாது அகன்றிருந்தால் கதை வேறாயிருக்கும். அவ்வுயரத்தை எட்ட அன்று காலை அவகாசமில்லை என்பதே உண்மை. எண்ணை மாத்திரம் நம்பும் விளையாட்டு இதனை எங்ஙனம் உணர்த்தும்? தோல்வியின் பழியை இயந்திரத்தின்மீதும், அதனுள் இருந்த பிள்ளைகள்மீதும் சுமத்திவிடுகிறது.

“தோற்பதற்கென்றே யார் உட்காருவார்?” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விமானத்தை மாற்றாமல் வெற்றியின் கணக்கை மாற்றுக என்பதே எம் விடை. ஜீரோவை வீழ்த்தியதற்கன்றி, துறைமுகத்தை எட்டவொட்டாமல் திருப்பிய வெடிகுண்டு விமானத்துக்கு மதிப்பெண் அளித்தால் ஹரிக்கேன் பக்கமும் வெல்ல வழியுண்டு.

பர்மாவிலும் இப்பிழை மலிந்திருக்கிறது. அங்கே நேச நாட்டார் எதிர்கொண்டது பெரும்பாலும் ஜப்பானியத் தரைப்படையின் ஹயபுசா விமானமே, ஜீரோ கடற்படைக்குரியது. 1944-ல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் நம் முதலாம் படையினர் ஹரிக்கேனில் பறந்தது முக்கியமாக வேவு பார்க்கவே. அதனை விளையாட விரும்புவோர் சண்டையைத் தேடாது, செய்தியோடு திரும்புதலையே வெற்றியாகக் கொள்க. இன்னும் பிற்காலத்தை விரும்புவோர்க்கு 1971 நவம்பர் 22-ந் தேதி போய்ரா இருக்கிறது: நான்கு நாட்கள், அதாவது நேட் என்னும் சிறு விமானங்கள், இரண்டு சேபர்களை வீழ்த்தின. காகிதத்தில் பார்த்தால் ஒருவரும் நேட்டின் பக்கம் அமரமாட்டார்.

ஆகவே அடுத்த ஆட்டத்துக்கு எம் யோசனை: கொழும்பு, 1942, ஈஸ்டர் காலை, பந்தயத் திடலில் 14 ஹரிக்கேன். தேர்ந்த கைகள் அவற்றில் அமரட்டும்; புதியவர்கள் ஜீரோவில் ஏறட்டும். ஹரிக்கேன்காரர் தொடக்கத்திலேயே உயரம் கேட்பார்கள். கொடுக்கலாகாது.