"பாத்துப் போ" என்று யாருக்குச் சொல்கிறோம்?

வெட்டுப்புள்ளி வெளியான கையோடு நறுவிலிக்குளத்திலும், பக்கத்தில் நானாட்டான், வங்காலை, முருங்கன் ஊர்களிலும் சில வீடுகளில் பயணப்பை வாங்குகிற வேலை தொடங்கிவிடும். மன்னார் மாவட்டத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இல்லை. ஆகவே கம்பஸ் கிடைத்தால் ஊரை விட்டுப் போகத்தான் வேண்டும். கிட்ட என்றால் வவுனியா, பூநகரிப் பாதையால் போனால் யாழ்ப்பாணம், இல்லையென்றால் வந்தாறுமூலை, ஒலுவில், பேராதனை. பதினெட்டு, பத்தொன்பது வருஷம் அம்மாவின் கண்ணுக்குள் வளர்ந்த பிள்ளை, ஒரே நாளில் யாரென்றே தெரியாத நூறு பேரோடு விடுதியில் நிற்கும்.

பையோடு சேர்த்து அறிவுரையும் கட்டிக் கொடுப்பார்கள். மகளுக்கு: "பாத்துப் போ பிள்ளை, பெடியளோட கனக்கக் கதைக்காத, எங்கட பேரைக் கெடுத்துப் போடாத." மகனுக்கு: "பகிடிவதைக்குள்ள மாட்டுப்படாத, வடிவாப் படி." ஒரு பெண்ணோடு எப்படிப் பழகுவது, அவள் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று மகனிடம் கதைத்து அனுப்பின வீடு எங்களுக்குத் தெரிந்து மிகக் குறைவு. பாதுகாப்பு முழுவதையும் மகளின் தலையில் ஏற்றிவிட்டு, பெற்றோர் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி விடுகிறார்கள்.

இந்த அறிவுரையில் அன்பு இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அது பிள்ளையைக் காப்பாற்றுகிறதா? சென்னையில் நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

2024 டிசம்பர் 23ஆம் திகதி இரவு, அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி தன் நண்பனோடு இருந்தார். வெளியாள் ஒருவன் வந்தான். இருவரையும் வீடியோ எடுத்திருப்பதாக மிரட்டினான், நண்பனை அடித்து விரட்டினான், மாணவியைப் பாலியல் வல்லுறவுக்கு உள்ளாக்கினான். அவன் கையில் இருந்த ஆயுதம் என்ன? ஒரு போனும், அதில் உள்ள படத்தை வீட்டுக்கும் கல்லூரிக்கும் காட்டுவேன் என்ற பேச்சும்தான். ஒரு பொம்பிளைப் பிள்ளை ஒரு பெடியனோடு இருந்தாள் என்பதே அவளை வாய் மூடவைக்கப் போதும் என்று அவன் கணக்குப் போட்டான். அந்தக் கணக்கை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது எங்களைப் போன்ற ஊர்கள்தான். மகள் காதலித்தால் அது குற்றம் என்று நாங்கள் வைத்திருக்கிறபடியால்தான் அந்தப் படத்துக்கு விலை வந்தது.

அந்த மாணவி அவன் கணக்கைப் பொய்யாக்கினார். அடுத்த நாளே முறைப்பாடு கொடுத்தார். அதற்குப் பிறகும் அவரை விட்டுவிடவில்லை. அவருடைய விபரம் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து போன் போனாகச் சுற்றியது. அந்த அறிக்கை எழுதப்பட்ட விதமே பாதிக்கப்பட்டவரைக் குற்றம் சாட்டுவதாக இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. மூன்று பெண் பொலிஸ் அதிகாரிகளைக் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்து, அவருக்கு 25 லட்சம் இந்திய ரூபா இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2025 ஜூன் 2ஆம் திகதி குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, குறைந்தது 30 வருஷம் வெளியே வரமுடியாதபடி. சம்பவம் நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

பொள்ளாச்சி வழக்கிலும் இதே ஆயுதம்தான். நட்பாகப் பழகி, நம்பவைத்து அழைத்து, வீடியோ எடுத்து, பிறகு அதையே காட்டி மிரட்டினார்கள். 2019இல் ஒரு கல்லூரி மாணவி முறைப்பாடு செய்த பிறகுதான் மற்றப் பெண்களின் கதை வெளியே வந்தது. 2025 மே 13இல் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை. அந்த ஒரு பிள்ளை வாயைத் திறந்திராவிட்டால் இன்னும் எத்தனை பேர் மாட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2020 பெப்ரவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்தில் புதுமுக மாணவிகள் தொலைபேசி வழியாகப் பாலியல் பகிடிவதைக்கு உள்ளானதாகச் செய்தி வந்தது. "பகிடி" என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பார்த்தால் அங்கே மிஞ்சுவது பாலியல் துன்புறுத்தல் மட்டும்தான். பகிடிவதையைப் பற்றி எங்களுக்குள்ள பெரிய கோபமும் இதுதான். கம்பஸ் போன முதல் மாதத்திலேயே அது ஒரு பாடத்தைப் படிப்பித்துவிடுகிறது: சீனியர் சொன்னால் செய்ய வேண்டும், மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை இல்லை. "அந்த அக்காவிட்டப் போய் லவ் பண்ணுறன் எண்டு சொல்லு" என்று ஒரு ஜூனியரை அனுப்பிவிட்டுச் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். அவனுக்கும் விருப்பமில்லை, அவளுக்கும் விருப்பமில்லை, ஆனால் நடக்கிறது. இப்படிப் பழகின பெடியன் அடுத்த வருஷம் தான் சீனியராகும்போது ஒரு பெண்ணின் "வேண்டாம்" என்பதை மட்டும் எப்படி மதிப்பான்?

சட்டம் இல்லாமலில்லை. பேராதனையில் ஒரு பொறியியல் மாணவர் பகிடிவதையால் இறந்ததற்கு அடுத்த வருஷம், 1998இல், 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருஷம் வரை சிறை. அதில் பாலியல் துன்புறுத்தல் இருந்தால் பத்து வருஷம் வரை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, கம்பஸ் என்றாலும் பஸ் என்றாலும், பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருஷம் வரை கொடுக்கலாம். எல்லாரும் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டியது 363ஆம் பிரிவு. பெண் சம்மதிக்கவில்லை என்பதை நிரூபிக்க அவள் உடம்பில் காயம் இருக்கத் தேவையில்லை என்று 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது தெளிவாகச் சொல்கிறது. ஊரில்தான் இன்னும் "அவள் ஏன் கத்தேல்ல?" என்று கேட்கிறார்கள். பயத்தில் உடம்பு விறைத்துப் போகும், குரல் வராது. சட்டத்துக்கு விளங்கினது எங்கள் சந்திக் கதைகளுக்கு இன்னும் விளங்கவில்லை.

காதலிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் கேட்கவா போகிறீர்கள்? ஆனால் எதைக் காதல் என்கிறோம் என்று கொஞ்சம் கதைக்கலாம். போன் பாஸ்வேர்ட் தா, இல்லையென்றால் நீ என்னை நம்பவில்லை என்கிறான். எங்கே நிற்கிறாய், யாரோடு நிற்கிறாய், லொக்கேஷன் அனுப்பு என்கிறான். அந்த உடுப்பைப் போடாதே, அவனோடு குரூப் வேலை செய்யாதே என்கிறான். இதையெல்லாம் "அவனுக்கு என்னில சரியான பாசம்" என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லுகிற பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். பெடியன்களிடமும் இதையே செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். விட்டுப் போனால் செத்துப்போவேன் என்று மிரட்டுவதும் இந்த வகைதான். நேற்று ஓம் என்றவள் இன்று வேண்டாம் எனலாம். கை பிடிக்க விட்டவள் முத்தத்துக்கும் சம்மதித்தாள் என்று ஆகாது. பதில் சொல்லாமல் நிற்கிறாளா, தள்ளி நின்று கேளுங்கள். அப்படிக் கேட்பதால் ஆம்பிளைத்தனம் குறைந்துவிடாது.

ஒரு தோழி வந்து "எனக்கு இப்பிடி நடந்துட்டுது" என்று சொன்னால், "நீ ஏன் அங்க போனனீ?" என்று தொடங்காதீர்கள். அவள் சொல்வதை நம்புங்கள், பக்கத்தில் இருங்கள். படத்தைக் காட்டி யாரும் மிரட்டினால் காசு கொடுக்க வேண்டாம், மெசேஜ்களை அழிக்கவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷொட் எடுத்து நம்பிக்கையான ஒருவரிடமாவது கொடுத்து வையுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. பாலியல் தாக்குதல் என்றால் உடுப்பைத் தோய்க்காமல் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பொலிஸில் பெண்கள், சிறுவர் பணியகத்தைக் கேளுங்கள்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறோம். "எது நடந்தாலும் முதல்ல எனக்குச் சொல்லு, நான் ஏச மாட்டன்." இந்த ஒரு வசனத்தைப் பிள்ளை பஸ் ஏறுமுன் சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள். படத்தை வீட்டுக்கு அனுப்புவேன் என்று ஒருவன் மிரட்டும்போது "அனுப்பு, அம்மாவுக்குத் தெரியும்" என்று அவளால் சொல்ல முடிந்தால் அவன் பிறகு எதைக் காட்டி மிரட்டுவான்?

ஊர்க் கழகங்களிடமும் ஒன்று. கம்பஸ் கிடைத்தவர்களுக்கு மாலை போட்டுக் கௌரவிக்கிறீர்கள், நல்லது. அந்த நிகழ்வில் தலைவர் உரை, செயலாளர் உரை, விருந்தினர் உரை என்று மூன்று மணித்தியாலம் போகிறது. ஒரு மணித்தியாலத்தைக் குறைத்து, ஏற்கெனவே கம்பஸ் போய் வந்த அக்காமாரையும் அண்ணாமாரையும் புதுப் பிள்ளைகளோடு தனியாக இருந்து இதைப் பற்றிக் கதைக்க விடுங்கள். பெடியன்களையும் கட்டாயம் கூப்பிடுங்கள்.